கண்காட்சிச் சுவருக்கு வெள்ளை பூசினால் போதாதா?

மட்டக்களப்பில் சிறிய மண்டபம் ஒன்றில் பண்பாட்டுப் பொருட்களைக் காட்சிக்கு வைக்கப்போவதாகவும், சுவருக்கு வெள்ளை பூசினால் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும்போது உள்ளக வடிவமைப்பாளரிடம் நிறம் கேட்பது வீண்செலவு அல்லவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உள்ளக வடிவமைப்பாளனான எனக்குக் கேள்வியின் பிற்பாதி தைத்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். நாள் நெருங்கிவிட்டது, பணம் குறைவு, குழுவில் மூத்தவர் ஒருவர் ‘வெள்ளையை அடிச்சா முடிஞ்சுது’ என்று சொல்லிவிட்டார். உங்கள் நிலைமை இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்கு நான் பகைவன் அல்லன். அது ஏதோ ஆதியிலிருந்தே வந்த விதி என்று நினைப்பதைத்தான் மறுக்கிறேன். 19 ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியக்கூடங்கள் பலவற்றில் கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் சுவரை நிறைத்திருந்தன. வெள்ளை வேரூன்றியது 20 ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் நவீன ஓவியங்களோடு சேர்ந்து. நம்மிடம் இருப்பவை வேறு பொருட்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கொண்டுவந்த, வடமோடி என்ற கூத்துவகையின் உடுப்புகளையும் மருதமுனைக் கைத்தறிப் புடவைகளையும் ஒரே மண்டபத்தில் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. மண்டபம் ஏற்கெனவே பளிச்சென்ற வெள்ளை. கருஞ்சிவப்பு வெல்வெட்டில் கண்ணாடித் துண்டுகள் பதித்த ராசா உடுப்பு ஒன்றை அந்தச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தோம். வெல்வெட்டின் சிவப்பும் தையலும் புதைந்துபோய், உடுப்பு ஒரு கறுத்த மொத்தையாக நின்றது. கண்ணாடித் துண்டுகளோ எதிர்ச்சுவரின் வெள்ளையையே திருப்பிக் காட்டியதால், பால் படிந்தவைபோல் மங்கிக் கிடந்தன.

காரணம் எளிது. சாயம் தோய்த்த பழைய துணிகளுக்கு 50 லக்ஸ் (பொருளின்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் ஒளி கொடுக்கக் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் நெடுநாள் வழக்கம். அந்தக் குறைந்த ஒளியிலும் வெள்ளைச் சுவர் தன்மேல் விழுவதில் நூற்றுக்கு 80 பங்கையாவது திருப்பி அனுப்பிவிடுகிறது; கரிய வெல்வெட் 10 பங்குகூட அனுப்புவதில்லை. சுவரின் வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டால், உடுப்பின் நுணுக்கம் எப்படித் தெரியும்?

உடுப்புகளோடு வந்திருந்த கூத்துப் பழக்கும் ஆசானான முதிய அண்ணாவியார் ஒருவர், கதவோரக் கதிரையில் இருந்தபடி நெடுநேரம் பார்த்துவிட்டு, “மனே, இது ராவையில களரிக்க நிக்கிற உடுப்பு. பின்னால இருட்டுத்தான் கிடக்கும். நீங்க இதைப் பகல்ல கொண்டு நிப்பாட்டியிருக்கிறீங்க” என்றார். தீப்பந்தத்திலும் பிறகு பெற்றோமாக்ஸ் வெளிச்சத்திலும் விடிய விடிய ஆடிய கூத்துக்கு இருள்தான் பின்சுவர் என்பது, சிறுவயதில் களரி என்னும் கூத்தாடும் வட்டத்தின் ஓரம் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு கூத்துப் பார்த்த எனக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கே அந்தப் பகுதிக்கு இராநிறம் என்று முடிவுசெய்தேன்.

அதன் பிறகு நடந்த பிழை முழுவதும் என்னுடையது. கடையின் ரியூப் லைற்றின் கீழ், தீப்பெட்டி அளவான நிறச்சீட்டைப் பார்த்து, கருநீலம் தோய்ந்த சாம்பலைத் தேர்ந்தெடுத்தேன். மண்டபத்தில் பொருத்தியிருந்தவையோ 3000 கெல்வின் எல்.இ.டி. விளக்குகள், மஞ்சள் சார்ந்த ஒளி. முதற்பூச்சுக் காய்ந்த மாலை விளக்கைப் போட்டபோது, சுவர் பாசி பிடித்த கிணற்றுக்கட்டைப்போல் பச்சை தட்டி நின்றது. பெயின்ற் பாஸ், அதாவது பூச்சு வேலைக்காரர், ஒன்றும் சொல்லாமல் ரோலரைக் கழுவிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். மறுநாள் இரண்டடிச் சதுரமான பிளைவூட் பலகைகள் நான்கில் நான்கு கலவைகளைப் பூசி, ஒவ்வொன்றாக உடுப்புக்குப் பின்னால் நிறுத்தி, அதே விளக்கின் கீழ் பார்த்தோம். சற்றே செம்மை கலந்த மூன்றாவது பலகை பொருந்தியது. மினுக்கம் இல்லாத மட் எமல்ஷனையே வாங்கினோம். பளபளக்கும் பூச்சாக இருந்தால் விளக்கின் வட்டங்கள் சுவரில் விழுந்து உடுப்போடு போட்டிபோடும். திறப்புக்கு முதல்நாள் இரவு அந்தப் பக்கம் நடந்துபோனேன். நடக்க நடக்கக் கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன.

கைத்தறிப் பகுதிக்கும் அதே நிறத்தைப் பூசிவிடச் சொன்னார்கள். மிஞ்சிய பெயின்ற் வீணாகாதாம். நான் மறுத்தேன். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப்பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் வலுவில்லாமல் தெரிகிறது என்ற முறைப்பாட்டை ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நீலத்திலும் ஊதாவிலும் இருக்கிறது என்று கண்டார். 1839 இல் அந்த ஆய்வை விரிவாக வெளியிட்டார். புடவைக்குச் சுவரும் பக்கத்து நூல்தான். நாங்கள் வைத்தவற்றில் பாதிக்குக் கறுப்புக் கரை. கருநீலச் சுவரில் அந்தக் கரை இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். தவிரவும் புடவை பகலில் உடுத்துவது. ஆகவே அங்கே ஈரம் காய்ந்த மணலின் சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

எந்த நிறமானாலும், பூசி முடித்து இரண்டு கிழமையாவது கதவு யன்னல்களைத் திறந்துவிட்ட பிறகே துணிகளை உள்ளே கொண்டுவாருங்கள். புதுப்பூச்சின் ஆவி பழைய சாயத்துக்கும் சரிகைக்கும் ஆகாது. மார்கழி மழைக்குள் வைப்பதாக இருந்தால் இன்னும் சில நாட்களைச் சேர்க்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட செலவுக்கு வருகிறேன். பெயின்றுக்கும் பாஸின் கூலிக்கும் பேரம் பேசாமல் பணம் கொடுத்தவர்கள், என் கட்டணப் பட்டியலைப் பார்த்ததும் “கலர் சொன்னதுக்கும் காசா, சேர்?” என்று சிரித்தார்கள். நான்கு பலகைகளின் விலை அந்தச் சிரிப்போடு அடிபட்டுப்போயிற்று. தன்புகழ் பாடுவதாக யாரும் நினைத்தாலும் பரவாயில்லை: அந்தப் பலகைகளை முதலிலேயே பூசிப் பார்த்திருந்தால் ஒரு பூச்சுக்கான பெயின்ற் மிஞ்சியிருக்கும்.

மண்டபத்தை வெள்ளையாகவே திருப்பிக் கொடுப்பதாக ஒப்பந்தம். கண்காட்சி முடிந்து இரண்டு பூச்சு வெள்ளை போட்டும் நீலம் எட்டிப் பார்த்தது. மூன்றாவது பூச்சுக்கு வாங்கிய வாளியின் விலையையும் என் கட்டணத்திலேயே கழித்துக்கொண்டார்கள். இருண்ட நிறம் என்று நீங்களும் தீர்மானித்தால், அதைத் திரும்ப மூடுவதற்கான பிறைமர் என்ற அடிப்பூச்சையும் மூன்றாவது பூச்சையும் முதற்பட்டியலிலேயே எழுதி, வேலை தொடங்குமுன் குழுவிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.