டியூன் பக்கியும் ஏற்காடு மலைப்பாதையும்

வணக்கம் ஐயா,

பழைய டியூன் பக்கி (மணல்மேட்டில் ஓட்டும் திறந்த வண்டி) ஒன்று விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். கீழே ஃபோக்ஸ்வேகன் பீட்டில் சேஸி, மேலே ஃபைபர் பாடி. பாடி முழுக்க விரிசல். இன்ஜின் பாதி பிரித்துக் கிடக்கிறது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மாருதி இன்ஜின் வைக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். எனக்கோ முதலில் பெயின்ட் அடித்துப் பார்க்க ஆசை. என்றாவது ஏற்காட்டுக்கு அதில் போக வேண்டும். என்ன செய்யலாம்?

க., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள க.,

இன்ஜினை மாற்றாதீர்கள். 1964இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் தன் முதல் 'மேயர்ஸ் மேங்ஸ்' பக்கியைச் செய்தார். படகு கட்டிப் பழகிய கை, அதனால்தான் ஃபைபர். பின்னால் வந்தவற்றில் பீட்டில் சேஸியை 36 செ.மீ. அளவுக்கு வெட்டிக் குறுக்கி, மேலே பாடியை வைத்தார்கள். பீட்டில் இன்ஜின் காற்றிலேயே குளிர்வது; ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, இன்ஜின் பாரம் பின்சக்கரத்தின் மேல். மணலில் அது புதையாமல் ஓடியது இதனால்தான். 1967இல் மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயத்தில் பெரிய வண்டிகளையெல்லாம் முந்தி வென்றதும் அந்த வண்டிதான். மாருதி போல் தண்ணீரில் குளிரும் இன்ஜின் வைத்தால் ரேடியேட்டர், ஹோஸ், கியர்பாக்ஸில் சேர்க்கத் தனி பிளேட் என்று பாரம் கூடிக்கொண்டே போகும். மிஞ்சுவது ஃபைபர் ஓடு மட்டும்.

ஏற்காட்டுக்கு ஏறும்போது உங்கள் கவலை சூடுதான். 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். இந்த இன்ஜினைக் குளிர வைப்பது ஒரே ஒரு ஃபேன். அதைச் சுற்றுவது டைனமோ பெல்ட். இன்ஜின் சுற்றும் வேகத்துக்குத்தான் காற்று. ஆகவே மூன்றாவது கியரில் திணறவிடாமல் இரண்டாவதில் சுற்றவிட்டு ஏறுங்கள். ஒரு பெல்ட் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். சிலிண்டர்களை மூடியிருக்கும் தகரங்கள், அடியில் இருக்கும் சின்னத் தகடுகள் உட்பட, எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கி கட்டுகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது இவற்றைத்தான், இன்ஜின் வெந்துபோவதும் அங்கிருந்துதான். இல்லாததை அட்டையில் அளவெடுத்து, நல்ல டிங்கரிடம் வெட்டி வாங்கிவிடலாம். 1971க்கு முந்தைய இன்ஜின் என்றால் மூன்றாவது சிலிண்டரைத் தனியாகக் கவனியுங்கள். ஆயில் கூலர் காற்றை மறைப்பதால் அதுதான் அதிகம் சூடாகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். சேஸி எண் பின்சீட்டுக்கு அடியில், நடு டனலின் மேல் அடித்திருக்கும். சேஸியைக் குறுக்கியதில் அது தப்பியிருக்கிறதா, ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 50 வயதான வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு உங்களுக்கு உதவாது. சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிகளை அந்த விதி ஏற்பதில்லை. ஆர்.சி.யில் பீட்டில் கார் என்றே இருந்தால், பாடியை மாற்றியது பதிவாகவில்லை என்று பொருள்; பொதுச்சாலை வேண்டாம். லாரியில் மேலே கொண்டுபோய், தெரிந்தவர் காபித் தோட்டத்துக்குள் ஓட்டுங்கள். அதுவும் குறைவான சந்தோஷம் இல்லை.

பெயின்ட் கடைசி வேலை. விரிசலின் மேல் பட்டி வைத்து மூடினால் ஒரு கோடையில் திரும்ப வெடிக்கும். விரிசலைச் சரிவாக அகலத் தேய்த்து, பின்பக்கமிருந்து ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் போடுங்கள். சேலம் வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகும், ஹார்டனரைக் குறைத்துக் கலக்குங்கள். ஈரக்காற்றில் சரியாக இறுகாது என்பதால் ஐப்பசி மழைக்கு முன்னாலேயே ஃபைபர் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.