வீட்டு வேலையும் நடக்கணும், கோழியும் பிழைக்கணும், விளையும் தேறணும்

கேள்வி: தக்கலை பக்கம் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. சுவரில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்கள். அடுத்து தரை, அப்புறம் பெயின்ட். பிள்ளைகள் ஆசையாக வளர்க்கும் 10 நாட்டுக்கோழிகளும் வேலை நடக்கிற இடத்திலேயேதான் சுற்றுகின்றன. முட்டை குறைந்துவிட்டது, இடுகிற முட்டைக்கும் ஓடு கெட்டியாக இல்லை. ஒரு பெட்டைக்கோழி நேற்றிலிருந்து இரை எடுக்காமல் ஒடுங்கி நிற்கிறது. பின்னால் 15 சென்ட் விளையில் (தோட்டத்தில்) தென்னையும் மட்டி வாழையும் தெரியாத அளவுக்குக் களை. களைக்கொல்லி அடித்துவிடலாமா? வேலை முடியும்வரை கோழிகளை விற்றுவிடலாமா? மழைக்கு முன்னால் சொல்லுங்கள் ஐயா.

பதில்: விற்கவும் வேண்டாம் அம்மா, களைக்கொல்லியும் வேண்டாம். கோழிகளை வேலையிடத்திலிருந்து விளைக்கு மாற்றுங்கள். உங்கள் மூன்று கவலையில் இரண்டு அதிலேயே குறையும்.

முதலில் அந்தப் பெட்டைக்கோழி. அதை இன்றைக்கே தனியாகப் பிரித்து, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். வீட்டில் வேலை நடக்கிறது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கோழிக்குப் பல் கிடையாது. அரைவைப்பையில் இரையை அரைப்பதற்காகச் சிறு கல்லைத் தேடி விழுங்கும். அந்தத் தேடலில் ஆணி, வயர் துண்டு, பெயின்ட் செதில் எல்லாம் உள்ளே போய்விடும். ஆணி குத்தியிருக்கலாம், வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது. ஒருவேளை இறந்துவிட்டால் கறி வைக்காதீர்கள்.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். கொத்திப் போட்ட பழைய சுண்ணாம்புப் பூச்சை உங்கள் கோழிகள் கொத்துகின்றனவா என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். விட்டு விட்டு வந்து அதையே கொத்தினால், உடம்பில் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். முட்டை ஓடு மெலிவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். கடல் பக்கத்தில் இருக்கிற நமக்குக் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. நன்றாகக் கழுவிக் காயவைத்து, நொறுக்கி, தனிச் சட்டியில் வையுங்கள். தீவனத்தோடு கலக்க வேண்டாம். முட்டையிடும் கோழி தனக்குத் தேவையானதைத் தானே எடுத்துக்கொள்ளும். முட்டை எண்ணிக்கை குறைந்ததற்கு இரைச்சலும் பதற்றமும்கூடக் காரணமாக இருக்கலாம். இடம் மாற்றிய பிறகும் கொஞ்ச நாள் குறைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெயின்ட்டைப் பற்றி இதைவிட அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016-ல்தான். உங்கள் பழைய கதவு, சன்னல், கம்பிகளில் அதற்கு முந்தைய பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். அதைச் சுரண்டும்போது விழுகிற செதிலையும் தூளையும் கோழி தின்றால், ஈயம் முட்டைக்கும் வரும். சுரண்டும் இடத்தில் தார்ப்பாய் விரித்து, அன்றன்றைக்கே சுருட்டி எடுக்கச் சொல்லுங்கள். செதிலைத் தின்றிருக்கும் என்று சந்தேகம் இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் பிள்ளைகளுக்கு அந்த முட்டையைக் கொடுக்காதீர்கள். தரை போடுவதற்கு முன் கரையான் மருந்து ஊற்றுவார்கள். அது எந்த நாள் என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மருந்து பட்டுச் செத்த கரையானைக் கோழி பொறுக்கினால் அதுவும் ஆபத்து.

இனி விளை. மூங்கில் சட்டத்தில் வலை கட்டி, 10 அடிக்கு 6 அடியில் அடிப்பாகம் இல்லாத கூண்டு ஒன்று செய்யுங்கள். மேலேயும் வலை வேண்டும், ஒரு பக்கம் ஓலை நிழல் வேண்டும். ஆளுயரக் களையை வெட்டுக்கத்தியால் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கூண்டை வைத்துக் கோழிகளைப் பகலில் விடுங்கள். மூன்று நான்கு நாளில் இளம்புல், விதை, புழு எல்லாவற்றையும் கிளறி முடித்துவிடும். கூண்டை அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம். கோரைக்கிழங்கு மட்டும் கோழிக்கு அடங்காது, அதற்கு மண்வெட்டிதான். இரவில் பழைய கூட்டில் அடையுங்கள், ஆனால் கூட்டை விளைக்கு மாற்றிவிடுங்கள். இருட்டிய பிறகு மாற்றினால் கோழிகள் மிரளாது. கீரியும் மரநாயும் நுழையாதபடி கதவில் கொக்கி இருக்கட்டும்.

கூட்டில் சேரும் எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் வெந்துபோகும். சருகோடு சேர்த்துக் குவித்து, இரண்டு மூன்று மாதம் மட்கவிடுங்கள். தென்னை நிற்கிற விளையில் எருக்குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அவ்வப்போது குவியலைக் கிளறிக் கொடுங்கள், புழுவைக் கோழியே பார்த்துக்கொள்ளும்.

கொத்தனார்களிடம் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒவ்வொரு தென்னையைச் சுற்றியும் 6 அடிக்குள் சிமென்ட் கலக்கக் கூடாது, சட்டி கழுவிய தண்ணீரை ஊற்றக் கூடாது, இடிபாட்டைக் கொட்டக் கூடாது. கயிறு கட்டி அடையாளம் காட்டிவிட்டால் சண்டை வராது.

இந்த மழைக்குக் காய்கறி நட ஆசைப்பட வேண்டாம், வீட்டு வேலைக்கு நடுவில் உங்களால் பார்க்க முடியாது. ஜூனில் மழை பிடித்ததும், கோழி கிளறி முடித்த இடங்களில் சணப்போ தட்டைப்பயறோ தூவிவிடுங்கள். பூக்கும் தருணத்தில், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி மண்ணோடு கொத்திவிடலாம், அது பசுந்தாள் உரமாகும். வாழையில் தார் போடும் மரத்துக்கு ஒரு பக்கக்கன்றை மட்டும் விட்டு, மற்றதை வெட்டுங்கள். கத்தரி, வெண்டையெல்லாம் பெயின்ட் வேலை முடிந்த பிறகு பார்க்கலாம். அதற்குள் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேட்டு வையுங்கள்.

மற்ற ஒன்பது கோழிகளுக்கும் கழிச்சல் தடுப்பூசி போட்டது எப்போது என்று நினைவில்லையென்றால், மருந்தகத்துக்குப் போகும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.