தலையாட்டிய சபை

ஐயா, வணக்கம்.

எட்டாம் ஹென்றி பிடிக்காதவர்களையெல்லாம் வெட்டுமேடைக்கு அனுப்பியவர். அவர் காலத்து இங்கிலாந்து நாடாளுமன்றம் வெறும் தலையாட்டிச் சபைதானே? அதன் உண்மையான வளர்ச்சி முதலாம் சார்லஸோடு மோதிய 1640இல்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். சரியா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

தலையாட்டியது உண்மை. ஆனால் எதற்கெல்லாம் தலையாட்ட வைத்தார்கள் என்று பாருங்கள். அன்றைய இங்கிலாந்தில் வெறும் அரசாணையை வைத்துக்கொண்டு ஒருவரின் உயிரையோ நிலத்தையோ பறித்துவிட முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும். சட்டத்துக்குச் சபை வேண்டும். போப்பை உதறிவிட முடிவெடுத்த ஹென்றி, 1529இல் கூட்டிய சபையை 1536வரை கலைக்கவே இல்லை. ரோமுக்கு மேல்முறையீடு போகக்கூடாது என்று 1533இல் ஒரு சட்டம். திருச்சபைக்கு அரசரே தலைவர் என்று 1534இல் ஒரு சட்டம். அரசரைத் திருச்சபைத் தலைவராக ஏற்க மறுத்த முன்னாள் அமைச்சர் தாமஸ் மோரின் தலையை வாங்கியதும் அதே ஆண்டின் தேசத்துரோகச் சட்டம்தான். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் மதத்தையும் அரியணை வாரிசையும் தீர்மானிக்கும் இடம் இதுதான் என்று சபைக்குப் பழக்கிவிட்டவர் அவர். பிறகு அவருடைய மகள்களில் மேரி கத்தோலிக்கத்துக்குத் திரும்பவும், 1559இல் எலிசபெத் அதை மாற்றவும் அதே வாசலுக்குத்தான் வரவேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது நிலம். 1540க்குள் மடாலயங்கள் எல்லாம் மூடப்பட்டு அவற்றின் சொத்து அரசருக்கு வந்தது. அதை வைத்துக் காப்பாற்றியிருந்தால் அவருடைய வாரிசுகள் யாரிடமும் கையேந்தியிருக்க வேண்டாம். பிரான்ஸ், ஸ்காட்லாந்துப் போர்களுக்காகப் பெரும்பகுதியை விற்றுத் தீர்த்தார். வாங்கியவர்களில் பலர் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையை நிரப்பிய நிலக்கிழார் வர்க்கத்தினர்.

இனி 1629 மார்ச் 2ஆம் தேதிக்கு வாருங்கள். சபையை ஒத்திவைக்கச் சொல்லி சார்லஸின் உத்தரவு. எழுந்த சபாநாயகர் ஜான் ஃபிஞ்சை டென்சில் ஹோல்ஸும் பெஞ்சமின் வாலன்டைனும் பிடித்து நாற்காலியிலேயே அழுத்தி உட்காரவைத்தார்கள். ஃபிஞ்ச் அழுதார். கதவு உள்ளே பூட்டப்பட்டிருந்தது. வெளியே அரசரின் ஆள் தட்டிக்கொண்டிருந்தார். சபையின் அனுமதியில்லாத சுங்கவரியைக் கட்டுபவனும் நாட்டுக்கு எதிரி என்ற தீர்மானத்தை ஹோல்ஸ் உரக்கச் சொல்ல, சபை ஆமோதித்து முழங்கியது. தலையாட்டிச் சபை என்று யாரும் சொல்லக்கூடிய காட்சியா இது? நீங்கள் சொல்லும் 1640க்கு இன்னும் பதினொரு ஆண்டுகள் இருந்தன.

அந்தப் பதினொரு ஆண்டுகளும் சார்லஸ் சபையைக் கூட்டவில்லை. கடற்படைச் செலவுக்கென்று கடலோர ஊர்களிடம் வாங்கிவந்த கப்பல் வரியை 1635இல் உள்நாட்டு மாவட்டங்களுக்கும் நீட்டினார். ஜான் ஹாம்டன் என்ற நிலக்கிழார் கட்ட மறுத்து வழக்காடினார். பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் அரசர் பக்கம். அவர்களில் ஒருவர், தலைமை நீதிபதியாகிவிட்டிருந்த அதே ஃபிஞ்ச்.

அதன் பிறகு, சார்லஸை எதிர்த்துக் கிளம்பிய ஸ்காட்லாந்துப் படை வட இங்கிலாந்துக்குள் புகுந்தது. அந்தப் படையின் செலவுக்கு நாளொன்றுக்கு 850 பவுண்டு தருவதாக அவர்களிடம் ஒப்புக்கொண்ட சார்லஸிடம் பணம் இல்லை. 1640 நவம்பரில் சபை கூடியது. தன் சம்மதமின்றித் தன்னைக் கலைக்கக்கூடாது என்று அது 1641 மே மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சார்லஸ் அதற்கு ஒப்புதல் அளித்தார்.