பீட்மாண்ட் பயணம்: ஒரு நாளைக்கு நாலு ஒயின் ஆலை தாங்காது

வணக்கம். அக்டோபர் கடைசியில் உங்கள் உணவகத்திலிருந்து ஆறு பேர் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் இருக்கும் ஆல்பா பக்கம் போகிறீர்கள், தினமும் நாலு ஒயின் ஆலை பார்த்துவிட்டு, ட்ரஃபிளும் (மண்ணுக்கடியில் விளையும் மணமான காளான்) வாங்கிவர வேண்டும் என்கிறீர்கள்.

ஆலையை இரண்டாகக் குறையுங்கள். காலை 10, மாலை 3. முன்பதிவு கட்டாயம். நெபியோலோ திராட்சையின் துவர்ப்பு நாக்கில் ஏறிவிட்டால் அப்புறம் அதில் செய்யும் எல்லா பரோலோ ஒயினும் ஒன்றுபோலத்தான் தெரியும். டோல்செட்டோ, பார்பெரா ஒயின்கள், கடைசியில் பரோலோ என்ற வரிசையில் சுவையுங்கள். கூச்சப்படாமல் துப்புங்கள், அங்கே அதுதான் வழக்கம். ஓட்டுநரோடு வேன் எடுங்கள். இத்தாலியில் ரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம்தான்.

மதியம் 12.30க்கே சாப்பிட உட்காருங்கள். 2 மணிக்கு மேல் பல அடுப்பங்கரைகள் மூடிவிடும். தயாரின் கட்டாயம் சாப்பிடுங்கள்: கிலோ மாவுக்கு 30 மஞ்சள்கரு வரைகூடப் போடும் மெல்லிய பாஸ்தா. அங்கே அதைப் பிசைவதை உங்கள் சமையல்காரர் அருகில் நின்று பார்க்க முடிந்தால் பயணச் செலவு அங்கேயே தேறிவிடும்.

வெள்ளை ட்ரஃபிளை முகர்ந்து, லேசாக அழுத்திப் பார்த்து வாங்குங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்றால் வேண்டாம். மண் அப்பிய இடத்தைச் சுரண்டச் சொல்லுங்கள், புழு ஓட்டை அங்கேதான் ஒளிந்திருக்கும். காகிதத் துண்டில் சுற்றி, மூடிய ஜாடியில், ஃபிரிட்ஜில் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். அப்படியும் எடையும் மணமும் நாளுக்கு நாள் குறையும், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சமைக்கவே கூடாது, தட்டில் சூடான பாஸ்தா மேல் பச்சையாகச் சீவ வேண்டும். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் சுங்க விதியை முதலில் பாருங்கள். ட்ரஃபிள் எண்ணெய் மட்டும் வாங்காதீர்கள், பெரும்பாலும் செயற்கை மணம்.