உயிரோடு இருக்கும்போதே இடம் தேடுவது துரோகமா?

அன்புள்ள மேடம்,

எங்கள் நாய் சிட்டுவுக்குப் பதினான்கு வயது. என் மகளின் உள்ளங்கையில் படுத்துத் தூங்குகிற அளவில் வந்தவள். இப்போது சிறுநீரகம் இரண்டும் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நான் எங்கே நடந்தாலும் கண் மட்டும் பின்னாலேயே வருகிறது. இனிமேல் மருந்து கொடுத்தால் வேதனைதான் நீளும், ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு மனதை ஓரளவு தேற்றிக்கொண்டோம்.

அதற்கு அப்புறம் என்ன என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பின்கட்டில் அவள் வெயில் காய்கிற மூலையிலேயே புதைக்க வேண்டும் என்கிறார் என் கணவர். நாங்கள் இருப்பதோ வாடகை வீடு. வெளியூரில் படிக்கும் மகள், “எரித்துச் சாம்பலை வையுங்கள், நான் வந்து பார்க்கணும்” என்று அழுகிறாள். எனக்கு நெருப்பு என்றாலே நெஞ்சை அடைக்கிறது. மண்ணுக்குள் தனியாக விட்டுவிட்டு வருவதையும் நினைக்க முடியவில்லை. மகனுக்கு ஆறு வயது, அவனிடம் என்ன சொல்வது, எதைக் காட்டுவது என்றும் தெரியவில்லை.

இன்னொன்றும் அரிக்கிறது. அவள் மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறாள், நான் போனில் தகனம் செய்கிற இடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய துரோகம் இது! அக்காவிடம் சொன்னேன். “ஒரு நாய்க்குப் போய் இவ்வளவு யோசனையா?” என்றாள். அதிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் என்ன செய்யட்டும்?

— சிட்டுவின் அம்மா

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தத் துரோகம் என்ற எண்ணத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் செய்துகொண்டிருப்பது அவளுக்கான கடைசிப் பராமரிப்பின் ஒரு பகுதி. செல்லப்பிராணியை இழந்து என்னிடம் வருகிறவர்கள் பலரும் எரித்தோமே என்றோ புதைத்தோமே என்றோ வருந்துவதில்லை. உயிர் போன அந்த நிமிடத்தில் “உடலை என்ன செய்யலாம்?” என்று கேட்டபோது, “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்ததைத்தான் நினைத்து நினைத்து அழுகிறார்கள். எங்கே கொண்டுபோனார்கள், எப்படி வைத்தார்கள் என்ற கேள்வி வருடக்கணக்கில் அவர்களை விடுவதில்லை. உங்களுக்கு அது வேண்டாம். இப்போதே தேடுங்கள், இப்போதே முடிவெடுங்கள். முடிவானதும் போனை வைத்துவிட்டு அவளோடு இருங்கள்.

உங்கள் அக்கா மனம் கெட்டவர் இல்லை. ஆனாலும் அவர் சொன்னது உங்களைத் தனியாக்கிவிட்டது. ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று இருப்பதையும், அதைச் சுமப்பவர்களுக்கு ஆறுதல் கிடைக்காமல் போவதையும் 1989இல் கென்னத் டோகா என்ற ஆய்வாளர் விரிவாக எழுதினார். செல்லப்பிராணிக்கான துக்கமும் அந்த வகைதான். இவ்வளவு யோசனை புதிதும் இல்லை. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், கடும் நோயில் விழுந்த அந்தக் குட்டி மனிதர் கவனிப்பு இல்லாமல் அவ்வளவு நாள் பிழைத்திருக்க முடியாது என்று கண்டார்கள். வேட்டைக்கு உதவாத, நோயில் கிடந்த ஒரு குட்டியைப் பார்த்துக்கொண்டு, கடைசியில் மனிதரோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள்.

சரி, முடிவுக்கு வருவோம். உங்கள் கணவர் சொல்லும் மூலை எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் நிலையில் அது சரிவராது என்றே நினைக்கிறேன். வீட்டை மாற்றும் நாளில் அவளை இரண்டாவது முறை இழப்பீர்கள். ஊசியும் ஒரு காரணம். இதற்குப் பல இடங்களில் பயன்படும் பென்டோபார்பிட்டல் என்ற மருந்து உடலிலும் சுற்றியுள்ள மண்ணிலும் நெடுநாள் தங்கும். தோண்டித் தின்கிற விலங்குகள் அதனால் சாகலாம். சொந்த நிலமாகவே இருந்தாலும் மூன்று அடிக்குக் குறையாத ஆழம், கிணறும் நீர்நிலையும் இல்லாத இடம், பிளாஸ்டிக் இல்லாமல் பருத்தித் துணியில் சுற்றுவது, உள்ளாட்சி விதி என்ன என்று விசாரிப்பது, இதெல்லாம் வேண்டும். செல்லப்பிராணிகளுக்கென்றே உள்ள இடுகாடு எட்டும் தூரத்தில் இருந்தால் அதையும் யோசிக்கலாம்.

தகனம் என்றால் ஒரு கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: தனியாகவா, மற்ற விலங்குகளோடு சேர்த்தா? சேர்த்து எரித்தால் அவள் சாம்பல் என்று பிரித்துத் தர முடியாது. சாம்பல் வேண்டுமென்றால் தனித் தகனம் என்று முன்கூட்டியே சொல்லி, கூட நிற்கலாமா என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இருபது கிலோ நாய்க்கு மிஞ்சுவது ஒரு கிலோவுக்கும் குறைவான எலும்புச் சாம்பல்தான். முதல்முறை கையில் வாங்குகிறவர்கள் “இவ்வளவுதானா” என்று உடைந்துபோவார்கள், அதனால்தான் இப்போதே சொல்கிறேன். பிற்பாடு செடிக்குக் கீழே போட நினைத்தால் நிறைய மண்ணோடு கலந்து போடுங்கள். சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், அப்படியே கொட்டினால் வேர் கருகிவிடும்.

என் யோசனை தனித் தகனம். மகள் வந்து பார்க்கலாம். உங்கள் கணவரின் ஆசையும் தள்ளித்தான் போகிறது, இல்லாமல் போகவில்லை. நிலையாக ஓர் இடம் அமையும்போது சாம்பலை அவர் கையாலேயே மண்ணில் வைக்கட்டும். இதை அவரிடம் சொல்லும்போது “வாடகை வீடு, முடியாது” என்று தொடங்காதீர்கள். அந்த மூலை அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேளுங்கள். அநேகமாக அவர் இன்னும் அழவில்லை, அழுவதற்கு ஓர் இடம் தேடுகிறார்.

நெருப்பைப் பற்றிய உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வலிக்குமோ என்ற பயம்தான் அது. இத்தனை வருடமும் அவள் வலியை அவளுக்கு முன்னால் உணர்ந்து பழகிய மனம், உயிர் போன பிறகும் அப்படியேதான் துடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு வலி கிடையாது, தனிமையும் கிடையாது. அங்கே நிற்க முடியவில்லை என்றால் நிற்காதீர்கள். கணவர் போகட்டும். வாசலோடு விடைகொடுப்பதால் உங்கள் அன்பு குறைந்துவிடாது. எவ்வளவு யோசித்தும் மனம் ஒப்பவில்லை என்றால் இடுகாட்டையே தேர்ந்தெடுங்கள், அதுவும் நல்ல முடிவுதான்.

மகனிடம் “தூங்க வைக்கிறோம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வயதில் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, இரவில் தானே தூங்கப் பயப்படும் குழந்தைகள் உண்டு. “சிட்டுவின் உடம்பு இனிமேல் குணமாகாது. வலிக்காமல் இறந்துபோக டாக்டர் உதவுவார். இறந்தால் திரும்பி வர முடியாது” என்று சொல்லுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். அவன் மனதில் அது பதிகிற விதம் அப்படி, ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள். உடலைப் பார்க்க வேண்டுமா என்று அவனையே கேளுங்கள். சரி என்றால், உடம்பு சில்லென்று இருக்கும், அசையாது, கண் மூடாமல் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள்.

இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: உயிர் போன சில மணி நேரத்தில் உடல் விறைக்கும். அதற்குள் கால்களை மடித்து, அவள் வழக்கமாகப் படுக்கிற மாதிரி கிடத்திவிடுங்கள். சிறுநீரோ நீரோ கசியலாம், அடியில் பழைய துண்டுகளைப் போட்டுவையுங்கள். குளிர்ச்சியான அறையில், ஐஸ் பொட்டலங்களைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் மகள் வந்து சேரும்வரை சில மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஆகும் என்றால் மருத்துவமனையில் குளிர்பெட்டி உண்டா என்று கேட்டுவையுங்கள். இன்னும் நல்லது, ஊசிக்கான நாளையே மகள் வருகிற நாளாகப் பேசி வைப்பதுதான். சிட்டு உயிரோடு இருக்கும்போதே அவள் வந்துவிடட்டும். அவ்வளவு நாள் காத்திருந்தால் வேதனை கூடுமா என்று டாக்டரை வெளிப்படையாகக் கேளுங்கள். கூடும் என்றால் காத்திருக்க வேண்டாம், வீடியோவில் பார்க்கட்டும்.

முடிவைக் கணவரிடமும் மகளிடமும் இன்று இரவே பேசிவிடுங்கள். அக்காவிடம், “எனக்கு இப்போது அறிவுரை வேண்டாம், கூட இருந்தால் போதும்” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, ஊசிக்குச் சம்மதித்த குற்ற உணர்வே நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தால் தள்ளிப்போடாமல் நேரில் வாருங்கள். கணவரையும் அழைத்து வாருங்கள்.