குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருக்கிறேன். தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வேலை. ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்ததோடு படிப்பு நின்றுவிட்டது. கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்களில் புள்ளியியல், தரவு ஆய்வு என்று பல வகுப்புகளில் சேர்ந்தேன். எதையும் முடிக்கவில்லை. என் சோம்பல்தான் காரணமா? எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது பணம் கட்டிப் பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்வது வீண் என்கிறார் அண்ணன். அந்த இணையச் சான்றிதழ்களுக்கு இங்கே மதிப்பு உண்டா?

இன்னொன்று. எஸ்டிபிஎம் தமிழுக்கு எங்கள் ஆசிரியர் கைப்பட எழுதிக் கொடுத்த இலக்கணக் குறிப்புகளை ஸ்கேன் செய்து வாட்சப் குழுவில் போட்டேன். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் போட்டேன். வேறொரு ஆசிரியர் ‘இது திருட்டு’ என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். எழுதிய ஆசிரியர் ஓய்வுபெற்று புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார். நான் செய்தது தவறா?

ம., பிறை

அன்புள்ள ம.,

உங்கள் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு வேறெதையும் யோசிக்க முடியவில்லை. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது. மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்து, பாலத்தைக் கடந்து வீடு திரும்பி, அப்புறம் ஆங்கிலத்தில் புள்ளியியல் கேட்க உட்காரும் பெண்ணையா சோம்பேறி என்பது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019ல் ஓர் ஆய்வு வந்தது. 2017-18ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். பெயரைப் பதிந்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீங்கள் திறந்து, சில வாரம் படித்தும் இருக்கிறீர்கள். அதே ஆய்வில், சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தார்கள். பணம் கட்டுவது வீண் என்கிற அண்ணனிடம் இதைக் காட்டுங்கள்.

சான்றிதழ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்றால் மலேசியத் தகுதி முகமை அங்கீகரித்த படிப்பில் சேருங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. யுஎஸ்எம், அதாவது பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1971லேயே வெளிவளாகக் கல்வியைத் தொடங்கியது. ஆசிரியர்கள் எத்தனையோ பேர் பள்ளி விடுமுறையில் பினாங்குக்கு வந்து தங்கி அப்படித்தான் பட்டம் பெற்றார்கள். இப்போது தீவிலேயே வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

சரி, குறிப்புகளுக்கு வருகிறேன்.

கேட்காமல் போட்டது தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களைத் திட்டியவர் மேல் எனக்குக் கோபம் அதிகம். குறிப்புகளை எழுதியவர் புக்கிட் மெர்தாஜாமில்தானே இருக்கிறார்? ஒரு போன் போட்டு, ‘ஐயா, உங்கள் குறிப்புகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா’ என்று கேட்டிருக்கலாமே. திருட்டு என்று சொல்லத் தெரிந்தவருக்கு இது தோன்றவில்லை.

எனக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர். பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பறையில், ஞாயிற்றுக்கிழமைகளில், யாரிடமும் காசு வாங்காமல் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் உள்ள உதாரணங்களை அவர் தொடவே மாட்டார். இரண்டு சொற்கள் சேரும்போது நடுவில் வரும் உடம்படுமெய்க்குப் பிறையும் ஆறும் சேர்ந்து பிறையாறு என்று எழுதிப் போடுவார். தினமும் அந்த ஆற்றைத் தாண்டி வரும் பையனுக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? யாப்புக்கு, தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் காவடியின் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டுவார். ஒவ்வொரு வருடமும் குறிப்புகளைத் திருத்தி எழுதினார். மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பது ஓரத்தில் சிவப்பு மையில் இருக்கும். எந்தப் பதிப்பகமும் கொண்டுவராத புத்தகம் அது.

2011ல் காலமானார். குறிப்புகள் இன்றும் ஒளிநகலின் ஒளிநகலாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சிவப்பு மை கருப்பாகி, அப்புறம் மறைந்தே போனது. அணி இலக்கணப் பகுதி யாரிடமும் முழுதாக இல்லை. ஒருவர் தன் பெயரை அட்டையில் போட்டு டியூஷன் பிள்ளைகளுக்கு விற்றார். நாங்கள் சிலர் சேர்ந்து அவற்றை ஒழுங்காகத் தட்டச்சு செய்து இணையத்தில் வைக்க நினைத்தோம். அவர் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். ஒருவர் சரி என்கிறார், ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்கிறார், இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அதாவது 2061 முடியும்வரை யாராவது ஒருவர் மறுத்தால் போதும். வாழ்நாள் முழுக்க இலவசமாகக் கொடுத்த மனிதரின் எழுத்து இப்படிப் பூட்டிக் கிடக்கிறது. அவர் ஒரு வரி எழுதிவைத்திருக்கலாம். அப்படி எழுதிவைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லை.

எம்ஐடி 2001ல் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தபோது உலகமே வியந்தது. இலவசமாகக் கொடுத்ததைவிடப் பெரிய விஷயம், அந்தப் பாடங்களை மாற்றவும் மொழிபெயர்க்கவும் கொடுத்த அனுமதிதான். லாபத்துக்கு விற்கக் கூடாது, மூலத்தைச் சொல்ல வேண்டும், நீங்கள் மாற்றியதையும் அதே நிபந்தனையோடு பகிர வேண்டும். அவ்வளவுதான். 2002ல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது அனுமதி உரிமங்கள் வந்த பிறகு இப்படி எழுதிக்கொடுப்பது யாருக்கும் எளிதாகிவிட்டது. எம்ஐடி கொடுத்த அந்த அனுமதியை நம்பித்தான் தைவானில் ஒரு நாவல் மொழிபெயர்ப்பாளர் தன் மொழிபெயர்ப்பு வருமானத்தைப் போட்டு, தன்னார்வலர்களைத் திரட்டி, 2004ல் அந்தப் பாடங்களைச் சீனமொழிக்குக் கொண்டுபோகும் வேலையைத் தொடங்கினார். நீங்கள் சேர்ந்த வகுப்புகளில் பெரும்பாலானவற்றில் அப்படி மாற்றவோ மொழிபெயர்க்கவோ முடியாது. அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம், சமையற்கட்டுக்குள் போக முடியாது என்பது மாதிரி. புள்ளியியல் பாடத்தை எடுத்து, உங்கள் தொழிற்சாலைக் கணக்கை உதாரணமாகப் போட்டு, தமிழில் பேசிப் பதிவுசெய்து பிறைப் பிள்ளைகளுக்குத் தர உங்களுக்கு உரிமை இல்லை. 2014ல் நம் அரசே பொதுப் பல்கலைக்கழகங்களின் கட்டாயப் பாடங்கள் சிலவற்றை இணையத்துக்குக் கொண்டுவந்தது. இன உறவு, இஸ்லாமிய, ஆசிய நாகரிகங்கள் போன்றவை. நல்ல காரியம். அப்படி வரும் ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் என்ன அனுமதி எழுதியிருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

நம் தமிழ் விரிவுரையாளர்களிடம் இதைப் பேசினால் மூன்று பதில்கள் வரும். என் உழைப்பை ஏன் கொடுக்க வேண்டும்? டியூஷன் சென்டர் காசு பண்ணிவிடுமே? யாராவது தப்புக் கண்டுபிடித்தால்? முதலாவதற்கு: உங்கள் பெயர் போய்விடாது, பெயரைச் சொல்லித்தான் பயன்படுத்த வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. இரண்டாவதற்கு: வணிகத்துக்கு ஆகாது என்று எழுத இடம் இருக்கிறது, எழுதுங்கள். மூன்றாவதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. தப்பு இருந்தால் கண்டுபிடிக்கட்டுமே! வருடம் தவறாமல் அதே தப்பை வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் பரவாயில்லையா? பொதுமக்கள் பணத்தில் சம்பளம் வாங்கி எழுதிய பாடத்தை இரும்பு அலமாரியில் பூட்டிவைத்து, ஓய்வுபெறும் நாளில் பழைய பேப்பருக்குப் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை வேலை கொடுத்தவருக்கே போகும் என்று 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே பல்கலைக்கழகமும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். போய்க் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கேட்டவர்கள் எத்தனை பேர்?

பாரதியின் எழுத்துரிமையை 1949ல் சென்னை அரசு வாங்கியது. அப்புறம் அது மக்கள் சொத்தானது. தமிழ்நாட்டில் இன்றும் எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறார்கள். பட்டர்வொர்த்தில் ஞாயிறு வகுப்பு எடுத்தவரின் குறிப்பேட்டை எந்த அரசும் நாட்டுடைமை ஆக்காது. அது அவரே, உயிரோடு இருக்கும்போது, தன் கையால் செய்யவேண்டியது.

குழுவில் போட்டதை இன்றே எடுத்துவிடுங்கள். விடுமுறை வரும் நாளில் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள். ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு போங்கள், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். பள்ளி வேலையாக எழுதியதா, சொந்தமாக எழுதியதா என்று அவரிடமே கேளுங்கள். சொந்தமானது என்றால் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இந்த வரியை எழுதித் தேதியும் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள்: ‘என் பெயரைச் சொல்லி, இக்குறிப்புகளை யாரும் படி எடுக்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், பகிரலாம்.’ அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், அது அவர் உரிமை. சம்மதித்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து மீண்டும் ஸ்கேன் செய்து அதே குழுவில் போடுங்கள். தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள், நான் செய்கிறேன்.

எந்தப் பட்டப்படிப்பு என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.