ஏலத்தில் கேட்டது 120, பில்லில் வந்தது 191

கேள்வி: பழைய பவுண்டன் பேனா பைத்தியம் எனக்குப் புதிதாகப் பிடித்திருக்கிறது. ஆன்லைன் ஏலத்தில் பார்க்கர் 51 ஒன்றை 120-க்கு எடுத்தேன். மறுநாள் வந்த பில்லில் 191.20 என்று இருக்கிறது. பையர்ஸ் பிரீமியம், இணையக் கட்டணம், வரி, தபால் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா? அடுத்த மாதம் அதே இடத்தில் ஒரு பார்க்கர் வாக்குமேட்டிக் ஏலத்துக்கு வருகிறது. எல்லாம் சேர்த்து 200 வரை செலவழிக்கத் தயார். எவ்வளவு வரை கேட்கலாம்?

பதில்: உங்களை யாரும் ஏமாற்றவில்லை. விதிமுறைப் பக்கத்தைப் படிக்காமல் கேட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். நாம் எல்லோரும் முதல் தடவை செய்வதுதான்.

பையர்ஸ் பிரீமியம் என்பது ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் தரகு. விற்பவரிடமும் தனியாகத் தரகு வாங்குவார்கள். லண்டனில் கிறிஸ்டீஸ், சோத்பீஸ் என்ற இரண்டு ஏல நிறுவனங்களும் 1975-ல் இதை 10 சதவீதமாகத் தொடங்கின. இன்று அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்பது சாதாரணம். பட்டியலில் ‘மதிப்பீடு 80 முதல் 120’ என்று போடுகிறார்களே, அதில் இந்தப் பிரீமியம் சேராது.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். 120-க்கு 25 சதவீதப் பிரீமியம் 30. இணையம் வழியாகக் கேட்டதற்கு 5 சதவீதம், அது 6. இந்த 36-க்கு 20 சதவீத வரி 7.20. ஆக 163.20. பேக்கிங், தபால், காப்பீடு 28. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டு ஏலமாக இருந்தால் சுங்கவரியும், கார்டு நிறுவனம் நாணய மாற்றத்துக்குப் பிடிப்பதும் இதற்கு மேல்.

அடுத்த தடவை கணக்கைப் பின்பக்கத்திலிருந்து போடுங்கள். கையில் 200. தபாலுக்கு 28 போனால் 172. பிரீமியம் 25, இணையக் கட்டணம் 5, அந்த 30-க்கு வரி 6, மூன்றும் சேர்ந்து 36 சதவீதம் என்பதால் 172-ஐ 1.36-ஆல் வகுக்க வேண்டும். 126 வருகிறது. சரி, அப்படியானால் 125 வரை கேட்கலாமா? கூடாது. பேனா எழுதுமா என்று இன்னும் பார்க்கவில்லையே.

வாக்குமேட்டிக்கை பார்க்கர் 1933-ல் கொண்டுவந்தது. பேனாவின் வால் மூடியைக் கழற்றினால் ஒரு குமிழ் இருக்கும். அதை அழுத்தி அழுத்தி விட்டால் மை ஏறும். அந்தக் குமிழோடு சேர்ந்து இயங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு. இத்தனை வருடத்தில் அது கெட்டுப்போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘சோதித்துப் பார்க்கப்படவில்லை’ என்று பட்டியலில் எழுதியிருந்தால் நான் அதை ‘வேலை செய்யாது’ என்றுதான் படிப்பேன். சவ்வு மாற்ற 40 ஆகும் என்று வைத்தால் 172 என்பது 132 ஆகிறது, 1.36-ஆல் வகுத்தால் 97. ஏலத் தொகை ஐந்து ஐந்தாக ஏறும் இடமென்றால் உங்கள் எல்லை 95. பழுதுபார்ப்பவரிடம் முதலில் விலை கேட்டுவிட்டு அந்த 40-ஐத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு முன் இரண்டு படங்கள் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று, பேனாவின் உடலுக்குப் பின்னால் டார்ச் அடித்து எடுத்தது. வாக்குமேட்டிக்கின் உடல், முத்துப்போல் மினுங்கும் வளையமும் ஒளி ஊடுருவும் வளையமும் மாறி மாறி அடுக்கிய செல்லுலாய்டு. வெளிச்சம் தேன் நிறத்தில் ஊடுருவி வந்தால் நல்லது. கறுப்பாக அடைத்துக் கிடந்தால் மை ஊறிப்போயிருக்கிறது; அது கழுவினால் முழுக்கப் போகாது. இன்னொன்று, மூடியின் வாய் விளிம்பை நேராகப் பார்த்து எடுத்தது. நான் ஒரு தடவை அங்கே தெரிந்த மெல்லிய கோட்டைப் படத்தில் ஒட்டிய தலைமுடி என்று நினைத்து வாங்கினேன். பேனா வந்ததும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அது விரிசல். ‘உள்ளது உள்ளபடி’ விற்ற பொருள் என்பதால் திருப்பவும் முடியவில்லை. உடைந்த பேனாவுக்கும் அதே 25 சதவீதம்தான்!

உடலில் பொறித்த எழுத்துகளோடு பெரும்பாலும் ஒரே ஒரு இலக்கம் இருக்கும். அது தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம். 8 என்றால் 1938-ஆகவும் இருக்கலாம், 1948-ஆகவும் இருக்கலாம். எதையாவது ஒன்றை அடித்துச் சொல்லும் பட்டியலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பொறிப்பு மங்கலாக இருந்தால் யாரோ அளவுக்கு மீறிப் பாலீஷ் போட்டிருக்கலாம்.

கடைசி நொடியில் பாய்ந்து கேட்கலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பல ஏலங்களில் கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். 95-ஐ முன்கூட்டியே உச்ச வரம்பாகப் பதிந்துவிட்டுத் தூங்கப் போய்விடுவது என் வழக்கம். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ‘இன்னும் ஐந்துதானே’ என்று கை துறுதுறுக்கும். அந்த ஐந்து உங்களுக்கு 6.80. அப்புறம், பழுதுபார்த்து, எழுதிப் பார்த்து, திருப்பித் தரும் வசதியோடு விற்பவர்கள் இதே பேனாவுக்கு என்ன கேட்கிறார்கள் என்றும் பாருங்கள். அவர்களிடம் 200-க்கே கிடைத்தால் ஏலத்துக்கு ஏன் போக வேண்டும்?

பார்க்கர் 51-ஐ நினைத்து வருந்த வேண்டாம். அதன் உடலைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உலோக உறையும் அதில் அழுத்துகிற பட்டையும் இருந்தால் அது 1948-லிருந்து வந்த ஏரோமெட்ரிக் வகை. உறைக்குள் மை நிற்கும் பை ரப்பர் இல்லை. பெரும்பாலும் இன்றும் வேலை செய்யும். பழுதுச் செலவு இல்லாமல் 191-க்கு முடிந்திருந்தால் பெரிய நஷ்டமில்லை. குளிர்ந்த நீரில் நிப்பை ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி வெளியே விடுங்கள். வெந்நீர் வேண்டாம். தண்ணீர் தெளிந்ததும் மை போடலாம். எப்படி நிரப்புவது என்று அந்த உறையிலேயே பொறித்திருப்பார்கள்.